நேரந் தவறா நெடுவழி: டி. வி. சுந்தரம் ஐயங்கார் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடிய தோளைத் தாழ்த்திச் சமவெளியைத் தொடுகின்ற இடத்திலே அமைந்த திருவூர் போடிநாயக்கனூர். ஊரினின்று மேற்கே நோக்குவார்க்கு மலை ஒரு பெருமதிலெனத் தோன்றும். அம்மதிலுக்கு அப்பால், ஓங்கிய மரநிழலிலே விளையும் ஏலம், காலங்காலமாக இவ்வூர்ச் சந்தைக்கு இறங்கி வந்தே உலகெங்கும் சென்றது. இறைவன் திருமுன் வைக்கும் தீர்த்தத்திலும் அமுதிலும் கலந்து மணக்கும் அச்சிறு காய், பொறுமை அறியாத சரக்கு. கொய்த பச்சைக் காயைத் தாழ்த்தாது உலர்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். ஐந்து பங்கு பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு பங்கே மிஞ்சும். மிஞ்சியதும் ஈரம் பட்டால் நிறம் மங்கும். நிறம் மங்கினால் விலை சரியும். ஆதலின், காய் விளைவித்தவனுடைய ஓராண்டு உழைப்பு, அதனைக் கீழே கொண்டுவரும் வழியையும் வண்டியையும் நம்பியே நின்றது.

அவ்வழி எளிதில் வாய்க்கவில்லை. முன்னாளில் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளின் முதுகிலுமே மலைச்சரக்கு இறங்கிற்று. மூணாற்றுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயர், குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு இருப்புப்பாதை அமைத்து, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியினின்று கோட்டகுடிக்குக் கம்பிவட வழியாகப் பெட்டிகளை இறக்கிப் போடிக்கு அனுப்பினர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. அது மீண்டும் எழவேயில்லை. விந்தை என்னெனில், மதுரையினின்று போடிக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது அதற்கு நான்காண்டுகள் கழிந்த பின்னர், 1928ஆம் ஆண்டில்தான். மேலே வழி இருந்த காலத்தில் கீழே இல்லை. கீழே வந்த காலத்தில் மேலே இல்லை. சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குச் சரக்கு போய்ச் சேர்தல் எத்துணை அரிய காரியம் என்பதைப் போடி வணிகர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய மதுரைச் சீமையிலே, மண்சாலையில் ஓடும் மோட்டார் வண்டியை மக்கள் கடிகாரத்தைப் போல நம்பத்தக்க பொருளாக ஆக்கிக் காட்டியவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் தொடங்கிய தொழில் நூறாண்டைக் கடந்தும் நிலைபெற்றிருக்கின்றது. அவரே டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தால் நாடறிந்த திரு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள். ஆலயத் திருப்பணிகளுக்குப் பொருள் வழங்கும் அன்பர் பலரும் வணிகத்தாலும் தொழிலாலும் பொருளீட்டியவரே ஆதலின், நேர்வழியில் ஈட்டப்பெற்ற ஒரு பெருஞ்செல்வத்தின் வரலாறு குடமுழுக்கு மலருக்குப் புறம்பானது அன்று.

அவர் பிறந்த ஊர் திருக்குறுங்குடி. போடிக்குக் காவலாய் நிற்கும் அதே மலைத்தொடர் தெற்கே நீண்டு மகேந்திரகிரியாக உயரும் இடத்தில், அதன் அடிவாரத்தே, நம்பியாற்றங்கரையில் விளங்கும் திவ்விய தேசம் அது. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, திருமலை நம்பி எனப் பெருமான் அங்கு ஐந்து கோலங்களில் எழுந்தருளியுள்ளார். ஆழ்வார்கள் பலர் பாடிய பதி. திருமங்கையாழ்வார் பரமபதம் எய்திய இடமென்றும் போற்றப்பெறுவது. பெருமாள் கோயிலுக்குள்ளேயே சிவபெருமான் சந்நிதியும் அமைந்திருத்தல் அத்தலத்துக்குரிய தனிச்சிறப்பு.

அவ்வூருக்கென்று ஒரு கதை உண்டு. பாணர் குலத்துப் பிறந்த நம்பாடுவான் என்னும் அடியார், கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி இரவில், நம்பியின் திருமுன் பண்ணிசைப்பதற்காக நடந்து செல்கிறார். வழியிலே ஒரு பிரமராட்சசன் அவரைப் பற்றிக்கொண்டு உண்ண முற்படுகின்றான். பாடிமுடித்துத் திரும்பிவந்து தம் உடலை அவனுக்கு உணவாகத் தருவதாகப் பலவகைச் சபதங்கள் செய்து விடைபெறுகின்றார் பாணர். பாடுகின்றார். பாடி முடித்தபின் வேறு வழியாய்த் தப்பிப்போக இயலும். அவ்வாறு போகும்படி கிழவர் ஒருவர் அறிவுரையும் கூறுகின்றார். கிழவராய் வந்து அவரைச் சோதித்தவர் பெருமானே என்பது மரபு. அதற்கு இசையாமல் அந்தப் பாணர் சொன்ன சொற்படி ராட்சசன் இருக்குமிடத்துக்கே மீளுகின்றார். அவர் இசைத்த கைசிகப் பண்ணின் பயனால் ராட்சசனும் சாபம் நீங்குகின்றான். ஆண்டுதோறும் கைசிக ஏகாதசி இரவிலே திருக்குறுங்குடிக் கோயிலின் மண்டபத்தில் நாடகமாக ஆடப்பெறும் கதை இது. ஒருவர்க்கு ஒரு சொல் கொடுத்தபின், வேறு வழி திறந்திருப்பினும் குறித்த வழியே திரும்பிவருதல் என்பதை அவ்வூர்ச் சிறுவர் பாடத்தில் படிக்குமுன்னரே கோயிலில் கேட்டுவிடுவர்.

சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வூரில் வைணவ அந்தணர் குடியொன்றில் தோன்றினார். தந்தையாரின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலில் நுழைந்தார். அது அவர் உள்ளத்துக்கு ஒத்ததாகத் தோன்றவில்லை. பின்னர் இருப்புப்பாதை நிறுவனத்தில் அலுவல் ஏற்றார். அதன்பின் வங்கியொன்றில் பணியாற்றினார். இம்மூன்று தொழில்களையும் அவர் விட்டுவிட்டார் என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் மூன்றும் அவரை விடவில்லை. வழக்குமன்றத்தில் எழுத்தின் மதிப்பையும், புகைவண்டி நிலையத்தில் நிமிடத்தின் மதிப்பையும், வங்கியில் பிறர் பணத்தின் மதிப்பையும் அவர் கண்டிருத்தல் வேண்டும். பின்னாளில் அவர் நடத்திய தொழிலில் இம்மூன்றுமே தூண்களாக நின்றன.

மாதச் சம்பளத்தைத் துறந்து சொந்தத் தொழிலில் இறங்குதல் அக்காலத்தில் இன்று தோன்றுவது போன்ற எளிய துணிவன்று. 1906ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட்டு வங்கி திடீரென முறிந்து, அதனை நம்பிச் சேமிப்பை இட்டுவைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருந்தது. வெள்ளையரின் பெரிய நிறுவனமே வீழ்ந்தபின், நம்மவர் தொடங்கும் சிறு நிறுவனத்தில் எவர் பணத்தை ஒப்படைப்பர்? அதே 1906ஆம் ஆண்டில், அதே திருநெல்வேலிச் சீமையின் மற்றொரு மைந்தரான வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். ஆட்சியாளரின் அடக்குமுறையும் ஆங்கிலக் கம்பெனியின் கட்டணப் போட்டியும் சேர்ந்து நெருக்க, பிள்ளையவர்கள் சிறை புக, அக்கம்பெனி 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பெற்றது. நீடித்து நின்றதே பெரிது, நில்லாதது சிறிது என்று கொள்ளுதல் அறியாமை. கடலில் ஒரு கம்பெனி கலைந்த அதே ஆண்டில் நிலத்தில் மற்றொன்று பிறந்தது என்பதை மட்டும் ஈண்டுக் குறிப்பிடலாம். சுந்தரம் ஐயங்கார் மதுரையை நிலைக்களமாகக் கொண்டு தம் தொழிலைத் தொடங்கியது 1911ஆம் ஆண்டில். அதனை அடுத்துத் தென்னாட்டுச் சாலையில் அவருடைய மோட்டார் பஸ் ஓடலாயிற்று.

அந்நாளைய பஸ் எத்தகையது என்பதை இக்காலத்தார் எண்ணிப் பார்த்தல் நன்று. முன்புறத்தே கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்புதல் வேண்டும். சரளைக் கல்லும் செம்மண்ணும் பரப்பிய சாலையை மாட்டுவண்டிகளின் இரும்புப் பட்டைகள் உழுது வைத்திருக்கும். பாலமில்லாத ஓடைகளில் இறங்கி ஏறுதல் வேண்டும். மாட்டு லாடத்தினின்றும் குதிரை லாடத்தினின்றும் கழன்று விழுந்த ஆணிகள் புழுதியில் மறைந்து கிடந்து டயரைத் துளைக்கும். ஒரு சிறு உறுப்பு முறிந்தால் சென்னைக்கு எழுதவேண்டும். அங்கு இல்லையேல் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே, பஸ் வரும் என்று சாலையோரம் நின்றவர் பகல் முழுதும் நின்று, மாலையில் மாட்டுவண்டி பிடித்துப் போதல் புதுமையன்று. வந்த பஸ்ஸும் இருக்கை நிரம்பும்வரை சத்திரத்து வாயிலில் ஊதுகுழலை ஒலித்துக்கொண்டு நிற்கும். பயணச்சீட்டு வாங்கியவர் காத்திருப்பதும், வாங்காதவரைத் தேடி ஆள் ஓடுவதும் அத்தொழிலின் இயல்பாக அமைந்திருந்தன.

சுந்தரம் ஐயங்கார் செய்த மாறுதல், சொல்லும்போது மிகச் சிறியதாகவே தோன்றும். குறித்த நேரம் வந்ததும் வண்டி புறப்படும் என்றார், புறப்படச் செய்தார். பத்துப் பேர் இருந்தாலும் புறப்படும். இருவர் இருந்தாலும் புறப்படும். கணக்குப் பார்ப்பவர்க்கு இது அறியாமையாகத் தோன்றியிருக்கும். வெற்றிருக்கையோடு ஓடும் வண்டியும் நிறைந்த வண்டி உண்ணும் எண்ணெயில் பெரும்பங்கை உண்ணவே செய்யும். ஆனால் இன்றைய வெற்றிருக்கை நாளைய நம்பிக்கைக்கு இட்ட முதல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நாளடைவில், டி. வி. எஸ். பஸ் ஊரைக் கடக்கும் ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் மதுரைச் சீமையில் உண்டாயிற்று. இதனைச் சொல்லாத முதியோர் இப்பக்கத்தில் அரியர்.

நேரம் காத்தல் என்பது வாயால் சொல்லும் உறுதியன்று. அதற்குப் பின்னே நூறு சிறு காரியங்கள் இருக்கின்றன. டயரில் ஆணி ஏறினால் நேரம் போயிற்று. ஆதலின், காந்தம் பொருத்திய வண்டியொன்றைச் சாலையில் செலுத்திப் புழுதியிற் கிடந்த ஆணிகளை வாரி அகற்றச் செய்தார் என்பர். அச்சாலை அவருடையது அன்று. அதிலே பிறர் வண்டிகளும் ஓடின. தம் பஸ்ஸுக்காகச் செய்த தூய்மை வழிப்போக்கர் அனைவர்க்கும் பயன்பட்டது. இயந்திரம் பழுதாகி நின்றபின் திருத்துவதைவிடப் பழுது வருமுன் பார்த்தலே மலிவு என்னும் முறையில் மதுரைப் பட்டறை நடந்தது. கையில் எண்ணெய்க் கறை படிவதைப் படித்தவர் இழிவென எண்ணிய காலத்தில், சுற்றுப்புறக் கிராமத்து இளைஞரைச் சேர்த்து அவர்க்கு இயந்திர வேலை பயிற்றுவித்தார். உதிரி உறுப்புகள் முன்னதாகவே வாங்கி அடுக்கப்பெற்றன. அக்காலத்தில் பட்டறைத் தூய்மை ஒரு புதுமை. கோயிற் பிராகாரத்தைப் போலத் தரை கழுவிக் கிடக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரெனின், அது மிகையன்று.

பஸ்ஸில் தொடங்கியது லாரியில் வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரால் பஸ்ஸும் சரக்கு லாரியும் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வண்டிகளை விற்கும் உரிமை கிட்டியது. வண்டியை விற்பவர் பலர் இருந்தனர். விற்ற வண்டியைப் பின்னும் காப்பவர் சிலரே. தாமே வண்டியோட்டி அதன் நோயையும் மருந்தையும் அறிந்தவர் விற்பவராக வந்தபோது, வாங்கியவர் வேறிடம் நாடவில்லை. சென்னையில் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய கிளை நிறுவனங்கள் எழுந்தன. 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்போருள் இந்நாட்டில் சுந்தரம் மோட்டார்ஸே தலைமை பெற்று விளங்கியது. இவற்றுக்கெல்லாம் மூலமான டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் மதுரை மேலவெளி வீதியில் நிலைகொண்டது.

செல்வம் பெருகிய இல்லத்திலும் துயரம் வாயில் தேடி வந்தது. ஐயங்காருக்கும் அவர்தம் துணைவியார் லட்சுமி அம்மையாருக்கும் 1904ஆம் ஆண்டில் பிறந்த மகள் சௌந்தரம். அக்கால வழக்கப்படி இளமையிலேயே, பதினான்கு வயதளவில், உறவினரான மருத்துவர் சௌந்தரராஜனுக்கு மணம்செய்விக்கப் பெற்றார். மதுரையில் பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிபுரிந்த அம்மருத்துவர் தாமும் அந்நோய்க்கு இரையானார். கைம்மை எய்திய இளம்பெண்ணுக்கு அன்று சமுதாயம் ஒதுக்கிய இடம் வீட்டின் பின்கட்டு ஒன்றே. அந்த இடத்தில் மகளை அமர்த்திவைக்கப் பெற்றோர் உடன்படவில்லை. கணவர் விட்டுச்சென்ற பணியைத் தொடருமாறு அவர் தில்லி சென்று லேடி ஹார்டிங்கு மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். 1936ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். வைதிக ஆசாரத்தில் வேரூன்றிய ஒரு குடும்பம் அந்நாளில் இதற்கு இசைந்ததே பெரிது.

ஆயினும் அடுத்து வந்தது அதனினும் கடிய சோதனை. தில்லியில் காந்தியடிகளின் தொண்டரான கேரளத்து ஜி. இராமச்சந்திரன் அவர்களை அறிந்த சௌந்தரம் அம்மையார் அவரை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், அதிலும் சாதி கடந்த மணம். கூட்டுக் குடும்பத்தில் இதற்கு எளிதில் இசைவு கிட்டவில்லை. பஸ் நேரத்தை வகுத்தவர்க்கு இதனை வகுக்கும் அட்டவணை எதுவும் இல்லை. காந்தியடிகளின் ஆசியோடு 1940ஆம் ஆண்டு சேவாகிராமத்தில் அம்மணம் நடந்தேறியது. ஏழாண்டு கழித்து, 1947ஆம் ஆண்டில், திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டிப் பக்கத்தில் அத்தம்பதியர் காந்திகிராமத்தை நிறுவினர். மதுரைச் சீமையின் ஏழைத் தாய்மார்க்கு மருத்துவமும் கல்வியும் தந்த அந்நிலையத்தின் வரலாறு தனியே எழுதத்தக்கது. தந்தையார் சாலையில் ஓட்டிய வண்டிகள் சென்று நின்ற ஊர்களுக்கு மகள் மருந்துப் பெட்டியோடு சென்றார் என்றால் அது வெறும் அணியுரை அன்று.

இதற்கிடையே உலகப் போர் மூண்டது. மதுரை–போடி இருப்புப்பாதைக்கு நேர்ந்த கதியை இவ்வூர் முதியோர் மறந்திலர். போருக்கு இரும்பு தேவைப்பட்டமையால் 1942ஆம் ஆண்டில் புகைவண்டி நிறுத்தப்பெற்றுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பெற்றன. ஆறும் ஊரும் இருந்தன. இடையே பாதை மட்டும் இல்லை. மீண்டும் அப்பாதை இடப்பெற்றுப் புகைவண்டி ஓடுவதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் கழிந்தன. அத்தனை காலமும் மலைச்சரக்கும் மக்களும் சாலையை மட்டுமே நம்புதல் வேண்டியதாயிற்று. சாலையிலோ பெட்ரோல் இல்லை. அளவிட்டு வழங்கிய எண்ணெய் ஒரு வண்டிக்குச் சில நாட்களுக்கும் போதாது. மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பரும் அரிதாயிற்று. பஸ் முதலாளிகள் பலர் வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டினர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. எரிபொருள் இல்லாத வண்டி எவர்க்குத்தான் ஓடும்?

சுந்தரம் ஐயங்கார் அப்போது அறுபத்தைந்தை நெருங்கியவர். ஓய்வு கொள்ளத்தக்க வயதில் அவர் கரியடுப்பைப் பற்றிச் சிந்திக்கலானார். மரக்கரியைக் காற்றோட்டம் குறைந்த உலையில் இட்டு எரித்தால், முற்றும் எரியாமல் ஒருவகை எரிவாயு பிறக்கும். அதனைக் குளிரச் செய்து, சாம்பலும் தூசும் நீங்க வடிகட்டி, காற்றோடு கலந்து இயந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோலுக்குப் பதிலாக அது வண்டியை ஓட்டும். உலகில் பல நாடுகள் போர்க்காலத்தில் கையாண்ட வழிதான் இது. எனினும் நம் சாலைக்கும் நம் கரிக்கும் நம் வண்டிக்கும் ஏற்றவாறு அதனை அமைத்தல் வேண்டும். மதுரையில் அவ்வாறு அமைத்து உருவாக்கப்பெற்றதே டி. வி. எஸ். காஸ் பிளாண்ட். உருளை வடிவான அந்த உலையைச் சுமந்த பஸ்கள் அக்காலத்துச் சாலைகளின் காட்சியாயின.

அதனோடு வாழ்தல் இன்பமாயிருந்தது என்று சொல்ல இயலாது. ஓட்டுநர் விடியுமுன் எழுந்து உலைமூட்டிக் கைவிசிறியால் ஊதிக் காத்திருத்தல் வேண்டும். வாயு நன்கு பிறந்தது என்று தெரிந்த பின்னரே இயந்திரம் எழும். பெட்ரோலில் ஓடும் வேகமும் வலிமையும் அதில் கிட்டா. மேடு வந்தால் வண்டி மூச்சுவாங்கும். ஆடவர் இறங்கி நடப்பர், சில வேளை தள்ளுவர். புகைக்கரி படிந்த முகத்தோடு திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தவர் பலர். அடிக்கடி சாம்பல் வாரவேண்டும். வடிகட்டியைத் துப்புரவு செய்யவேண்டும். அத்துணை தொல்லைக்கும் இடையே பஸ் ஓடிற்று. கரி சுடும் ஏழைக் குடிகளுக்கும் அதனால் பிழைப்புக் கிடைத்தது. தேய்ந்த டயரை எறியாது, அதன்மேல் புதுரப்பர் வார்த்து மீண்டும் ஓடச்செய்யும் தொழிற்சாலையும் அந்நெருக்கடியின் பயனாகவே எழுந்தது. போர் முடிந்தது, காஸ் பிளாண்டு பழம்பொருளாயிற்று. ஆனால் வண்டியை வாங்கி ஓட்டியவர்கள் தாமே பொருள்களை வார்த்தும் வடித்தும் செய்ய வல்லவர் என்னும் தன்னம்பிக்கை அந்தப் பட்டறையில் தங்கிவிட்டது. பின்னாளில் அவர்தம் மக்கள் எழுப்பிய பெருந்தொழிற்சாலைகளுக்குக் கால்கோள் விழா நடந்தது அந்தக் கரியுலை முன்பு என்று கூறுதல் பொருந்தும்.

தொழிலைக் கட்டுவதைக் காட்டிலும் அரிய செயல் ஒன்று உண்டு. அது கட்டியதைக் கைவிடுதல். பல பெருங்கடைகளும் கம்பெனிகளும் முதலாளியின் உயிரோடு மூச்சுவிட்டு, அவர் உயிரோடு மூச்சை நிறுத்தியதை நம் நாட்டு வணிக வீதிகள் கண்டுள்ளன. சாவி இடுப்பில் இருக்கும்வரை தந்தை ஆளுவார். சாவி கீழே விழுந்த நாளில் மக்கள் வழக்குமன்றம் ஏறுவர். சுந்தரம் ஐயங்கார் உடலும் அறிவும் திடமாக இருக்கும்போதே பொறுப்புகளை மக்களிடம் பிரித்து ஒப்படைத்து ஒதுங்கினார். தம் நிறுவனத்தின் பெயரிலேயே புதல்வரைச் சேர்த்து எழுதியவர், அப்பெயரை மெய்யாக்கினார். ராஜம், சந்தானம், ஸ்ரீநிவாசன், கிருஷ்ணா ஆகிய புதல்வர்கள் பட்டறையில் வேலை பழகியே பதவி ஏறினர் என்பர். சந்தானம் அவர்கள் 1954ஆம் ஆண்டில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கையில் முழுப்பணம் இல்லாத ஓட்டுநரும் தவணையில் லாரி வாங்கி அதற்கு உரிமையாளராகும் வழி அதனால் பிறந்தது. தந்தையார் கண்முன்னே நடந்த கடைசிப் பெருந்தொடக்கம் அதுவே.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், கோடைக்கானலில், உறக்கத்திலேயே அவர் ஆவி பிரிந்தது. அகவை எழுபத்தெட்டு. மகேந்திரகிரியின் அடியில் தொடங்கிய வாழ்வு பழனிமலைத் தொடரின் உச்சியில் அடங்கிற்று. அன்றும் மதுரையினின்று புறப்படவேண்டிய பஸ்கள் புறப்படவே செய்திருக்கும்.

அவர்க்குப் பின் நிகழ்ந்தவை விரிப்பிற் பெருகும். 1960களில் சக்கரமும் தடைக்கருவியும் மின்கருவியும் ஆணிவகைகளும் செய்யும் தொழிற்சாலைகளை மக்கள் எழுப்பினர். 1972ஆம் ஆண்டில் தமிழக அரசு டி. வி. எஸ். பஸ் போக்குவரத்தை ஏற்றுப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது. எந்தத் தொழிலால் அவர் பெயர் பெற்றாரோ அந்தத் தொழிலே குடும்பத்தின் கையை விட்டு நீங்கியது. நிறுவனம் ஆட்டங்காணவில்லை, ஏனெனில் அதன் வேர் பஸ்ஸில் மட்டும் இருக்கவில்லை. நான்கு கிளைகளாய்த் தழைத்த குடும்பம் தலைமுறை மூன்று கடந்த பின்னர், 2022ஆம் ஆண்டில், அவரவர் நடத்திவந்த நிறுவனங்களை அவரவர் உரிமையாக்கிக்கொண்டு உடன்பாட்டின் வழியே பிரிந்தது. நூற்றுப்பத்தாண்டு ஒன்றாயிருந்த சொத்து இவ்வாறு பிரிதல் நம் நாட்டில் அடிக்கடி காணும் காட்சியன்று.

திருக்குறுங்குடியையும் அவர் வழியினர் மறக்கவில்லை. காலத்தால் சிதைந்திருந்த நம்பிராயர் திருக்கோயிலின் திருப்பணியை, ஸ்ரீநிவாசன் அவர்களின் மைந்தரும் சுந்தரம் ஐயங்காரின் பேரருமான திரு. வேணு ஸ்ரீநிவாசன் மேற்கொண்டு புதுப்பித்தார். கைசிக ஏகாதசி இரவில் நம்பாடுவான் இன்றும் அம்மண்டபத்தில் ராட்சசனிடம் விடைபெற்றுச் சென்று, விடியுமுன் திரும்பி வருகின்றார்.

போடிக்குப் புகைவண்டி மீண்டும் ஒருமுறை நின்று, அகலப்பாதையாக மாறி, 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறுபடியும் வந்து சேர்ந்தது. போடிமெட்டுச் சாலை தன் கொண்டையூசி வளைவுகளோடு மலையேறுகின்றது. அதிகாலையில் அச்சாலை வழியே தோட்ட வேலைக்கு ஏறுவோரும், உலர்ந்த காய் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்குவோரும் ஏறிவரும் சிறு மொபெட்டு வண்டிகள் பலவற்றின் பக்கத்தே மூன்று எழுத்துக்கள் பொறிக்கப்பெற்றிருக்கும். அவற்றுள் முதல் எழுத்து திருக்குறுங்குடியைக் குறிப்பது.